மலைத் துவிச்சக்கரவண்டியும் அதன் ஆசனத் தண்டும்

தோற்றுவாய்

விழா மலரிலே பெரும்பொருள் பற்றி எழுதுவார் பலர் உளர். கல்லூரி அன்னையின் வரலாறும், அவள் பெற்ற மக்களின் அருஞ்செயல்களும், மொழியும், சமயமும், விஞ்ஞானமும் அவர்கள் கையிற் சிறப்புறுக. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு முழ நீளமும் இல்லாத ஓர் உலோகக் குழாய் ஆகும். துவிச்சக்கரவண்டியின் ஆசனத்தைத் தாங்கி நிற்கும் அக்குழாயை ஆசனத் தண்டு என இக்கட்டுரையில் வழங்குவாம். கடையிலே 'சீற் பைப்' என்று கேட்டால் எடுத்துத் தருவர்.

தமிழாசிரியர்க்கு இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். தண்டு என்னும் சொல் தமிழிலே காம்பையும் குறிக்கும்; ஊன்றுகோலையும் குறிக்கும். தாமரைக்குக் காம்பு போலவும் முதியோர்க்கு ஊன்றுகோல் போலவும், வண்டியில் அமர்ந்தவரின் பாரத்தை இச்சிறு குழாயே ஏந்துகின்றது. அது முறிந்தால் விழுபவர் நம் மாணவரே. அது முறியாது நின்று, அளவு பொருந்தாமையால் வண்டியின் சட்டகத்தை முறித்தால், இழப்பது அவர்தம் பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணமே. உயிருக்கும் பொருளுக்கும் காவலாய் உள்ள ஒன்றைச் சிறிதென்று தள்ளுதல் தகாது. ஆதலின், பழுதுற்ற தண்டுக்குப் பதிலாக நெடுநாள் உழைப்பதும் குறைந்த விலைக்குக் கிடைப்பதுமான ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறையை இங்கு விளக்குவாம்.

மலை வண்டி பிறந்த கதை

இன்று நம் மாணவர் பலர் விரும்பி ஓட்டும் 'மவுண்டன் சைக்கிள்' எனப்படும் மலைத் துவிச்சக்கரவண்டி அமெரிக்காவிலே பிறந்தது. 1970களில், கலிபோர்ணியா மாநிலத்து மரீன் பகுதியிலுள்ள தமால்பாயிஸ் மலைச் சாரல்களில் இளைஞர் சிலர், பருத்த ரயர் பூண்ட பழைய வண்டிகளில் ஏறி மண் பாதைகளில் விரைந்து இறங்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டில் அவர்கள் அதனை ஒரு போட்டியாகவே நடாத்தத் தொடங்கினர். பழைய வண்டிகள் அவ்வோட்டத்தைத் தாங்கமாட்டாது உடைந்தமையால், யோ பிறீஸ் என்பார் 1977ஆம் ஆண்டில் அத்தொழிலுக்கென்றே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1981ஆம் ஆண்டில் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தார் 'ஸ்ரம்ப்யம்பர்' என்னும் பெயரோடு இவ்வகை வண்டியைப் பெருந்தொகையிற் செய்து விற்கத் தொடங்கினர். அதன் பின்னரே இது உலகெங்கும் பரவிற்று.

இக்கதையை இங்கு கூறியது வெறும் சுவைக்காக அன்று. மலையில் இறங்குவோன் ஆசனத்தைத் தாழ்த்திக்கொள்வான், ஏறுவோன் உயர்த்திக்கொள்வான். கால் ஊன்றுவதற்கு இடையூறின்றி இருத்தற்பொருட்டுச் சட்டகத்தின் மேற்குழாயும், அதாவது நாம் 'பார்' என வழங்குவதும், பின்புறம் தாழ்ந்து சரியுமாறு அமைக்கப்பட்டது. சட்டகம் தாழவே தண்டு நீளவேண்டியதாயிற்று. எம் தந்தையர் ஓட்டிய பழைய வண்டியைப் பாருங்கள். அதன் பார் கிடையாக உயர்ந்து நிற்கும். ஆசனத்துக்கும் சட்டகத்துக்கும் இடையே தண்டு ஒரு பிடி அளவே வெளியே தெரியும். மலை வண்டியிலோ ஒரு சாண் அளவும் அதற்கு மேலும் தெரியும். பழைய வண்டிக்குப் போதுமான குட்டைத் தண்டு மலை வண்டிக்குப் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

பிள்ளை வளர்வான், வண்டி வளராது

நம் நாட்டில் வண்டியின் அருமையை அறியாதார் இலர். 1990ஆம் ஆண்டின் பின்னர்க் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஆசிரியரும் மாணவரும் வைத்தியரும் நோயாளரும் துவிச்சக்கரவண்டியையே நம்பியிருந்தனர். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டிலே அது மீண்டும் நாடெங்கும் கைகொடுத்தது. அக்காலத்தில் அதன் விலையும் ஏறிற்று. ஆகவே, எட்டாம் வகுப்பிலே வாங்கிக் கொடுத்த வண்டி உயர்தரப் பரீட்சை முடியும்வரை உழைக்கவேண்டும் எனப் பெற்றோர் எண்ணுவது இயல்பே.

அவ்வண்டியிலே பிள்ளையோடு கூட வளரக்கூடிய உறுப்பு ஆசனத் தண்டு ஒன்றே. ஆண்டுதோறும் அது இரண்டு விரல் உயர்த்தப்படுகின்றது. அங்ஙனம் உயர்த்திவரும்போது ஒரு நாள் தண்டிலே பொறிக்கப்பட்ட ஒரு கோடு வெளியே தோன்றும். இதற்குமேல் உயர்த்தலாகாது என்று செய்தோர் இட்ட எல்லைக் கோடு அது. மாணவன் அதனை அறியான். அறிந்தவனும், இன்னும் ஒரு விரல்தானே எனக் கருதி உயர்த்துவான். கல்லூரிச் சைக்கிள் கொட்டகையிலே வரிசையாக நிற்கும் வண்டிகளிற் சிலவற்றில் இக்கோடு வெளியே தெரிவதை நாம் கண்டிருக்கின்றோம். மாற்றுத் தண்டு வாங்கவேண்டிய தேவை முறிவினால் மட்டும் வருவதன்று, வளர்ச்சியினாலும் வருவது. வளர்ச்சியைக் கண்டு வாங்குவோர்க்கு முறிவு நேராது.

தண்டின்மேற் செல்லும் விசை

அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல் என்பது நம் உழவர் வாக்கு. தண்டின் திறத்திலும் அஃது உண்மையாதலை ஒரு சிறு கணக்கினாற் காட்டுவாம்.

எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தம் பாரம் முழுவதையும் ஆசனத்தில் இருத்தியுள்ளார் எனக் கொள்க. தண்டு நேர் நிமிர்ந்து நிற்பதன்று. ஏறக்குறைய 17 பாகை பின்னே சாய்ந்து நிற்பது. பாரத்தின் பெரும்பகுதி தண்டின் வழியே கீழிறங்கிவிடும். ஆயினும் அச்சாய்வு காரணமாக ஏறத்தாழ 20 கிலோ அளவான விசை தண்டைப் பின்புறமாக வளைக்க முயலும். தண்டு சட்டகத்துக்கு வெளியே 200 மில்லிமீற்றரும் உள்ளே 100 மில்லிமீற்றரும் இருப்பின், அது ஒரு நெம்புகோல்போல் ஆகித் தன் கீழ் நுனியாற் சட்டகக் குழாயின் முன்சுவரை 40 கிலோ விசையோடும், குழாயின் வாயிலே பின்சுவரை 60 கிலோ விசையோடும் தள்ளும். உள்ளே 50 மில்லிமீற்றர் மாத்திரம் இருப்பின் அவ்விசைகள் முறையே 80 கிலோவாகவும் 100 கிலோவாகவும் பெருகும். பாரம் ஏறவில்லை, வண்டி மாறவில்லை. ஆழம் பாதியாயிற்று, கீழ்நுனியின் தாக்கு இரட்டித்தது.

இக்கணக்கு வண்டி அசையாது நிற்கும் நிலைக்கு உரியது. குண்டும் குழியுமான தெருவிலே ஓடும்போது விசை இதனிற் பன்மடங்காகும். அத்தாக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் முறை நிகழும். ஆகவே எல்லைக் கோட்டைக் கடந்து உயர்த்தப்பட்ட தண்டு, தான் வளைவதோடு நில்லாது சட்டகத்தின் வாயையும் பிளந்துவிடும். தண்டு முறிந்தாற் புதுத் தண்டு வாங்கலாம். சட்டகம் பிளந்தால் வண்டியே போயிற்று என்க.

தெரிவின் முதற்படி: விட்டம்

தண்டு வாங்கப் புகுவோர் முதலில் அறியவேண்டியது அதன் விட்டம். விலையும் நிறமும் பெயரும் அதன் பின்னரே. தண்டின் விட்டங்கள் பலவாகும். மிகப் பரவலாக வழங்குவது 27.2 மில்லிமீற்றர். இக்கால அலுமினியச் சட்டகமுள்ள மலை வண்டிகளில் 30.9, 31.6 என்னும் அளவுகள் மிகுதி. விலை குறைந்த உருக்குச் சட்டகங்களில் 25.4, 28.6 என்பனவும் உள. இவையன்றி 26.0, 26.2, 26.4 என 0.2 மில்லிமீற்றர் வேற்றுமையாற் படிப்படியாக ஏறும் அளவுகளும் உள்ளன.

ஐந்தில் ஒரு மில்லிமீற்றர் என்ன செய்யும் என எண்ணுதல் கூடாது. 27.2 மில்லிமீற்றர்த் தண்டு வேண்டிய இடத்தில் 27.0 இட்டால் முதலில் அது இறுகியதுபோலவே தோன்றும். ஓட ஓட ஆசனம் மெல்லக் கீழிறங்கும், பக்கவாட்டிலே திரும்பும். அதனைத் தடுக்கவேண்டி இறுக்கு வளையத்தை மேலும் மேலும் முறுக்குவர். குழாயின் வாய் நசுங்கும். வளையத்தின் ஆணி அறும். ஈற்றிற் சட்டகத்தின் வெட்டுவாயில் வெடிப்புத் தோன்றும்.

விட்டத்தை அறியும் வழி எளிது. பழைய தண்டைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால், எல்லைக் கோட்டின் அருகே அதன் அளவு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தால், மாணவர் பௌதிக ஆய்வுகூடத்திற் பழகிய வேணியர் இடுக்குமானியைக் கொண்டு, தேயாத கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று இடங்களில் அளத்தல் வேண்டும். அடிக்கோலால் அளப்பது இதற்கு உதவாது. பழைய தண்டே பிழையான அளவினதாய் இருத்தலும் கூடும். ஆசனம் அடிக்கடி இறங்கிய வண்டியாயின், தண்டை நம்பாது சட்டகக் குழாயின் உள்விட்டத்தையே அளக்க. குழாயின் வாய் நசுங்கியிருக்கக்கூடும் ஆதலால், வாய்க்குச் சற்றுக் கீழே, ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளத்தல் நன்று.

சரியான அளவு கிடையாதபோது செய்வது யாது? சிறிய தண்டுக்கு வெளியே ஓர் உறை இட்டுப் பெரிய குழாயினுட் செலுத்தலாம். 27.2 தண்டை 31.6 குழாயிற் பொருத்துதற்கு அலுமினியத்தாற் செய்த உறைகள் விற்பனையில் உள. உறை ஒரு விரல் நீளமாயேனும் இருத்தல் வேண்டும். குட்டை உறை பாரத்தை ஓரிடத்திலே குவிக்கும். பால்மாத் தகரத்தை வெட்டிச் சுற்றித் திணிப்பது வழக்கில் உள்ளதெனினும் அது தவிர்க்கத்தக்கது. அத்தகரம் நழுவும், கறள் பிடிக்கும், தண்டையும் கீறும். பெரிய தண்டை அரத்தால் அராவிச் சிறிதாக்குவதோ அதனிலும் தீது. சுவர் மெலிந்த இடத்திலேயே அது முறியும்.

இரண்டாம் படி: நீளம்

நீளத்தைத் தீர்மானிக்குமுன் ஆசனத்தின் உயரத்தைத் தீர்மானிக்கவேண்டும். ஓட்டுபவர் ஆசனத்தில் நேராக அமர்ந்து, மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தாற் கால் மடங்காது நீண்டு நிற்கவேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதித்து ஓட்டும்போது முழங்கால் சற்றே மடங்கி இருக்கும். எளிய முறை இதுவே.

அவ்வுயரத்திலே தண்டு வெளியே எவ்வளவு தெரிகின்றது என அளக்க. அதனோடு உள்ளே இருக்கவேண்டிய ஆழத்தைக் கூட்டுக. அவ்வாழத்துக்கு விதிகள் இரண்டு. ஒன்று, எல்லைக் கோடு குழாயினுள் மறைந்திருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி, அக்கோடு தண்டின் கீழ் நுனியிலிருந்து விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாத உயரத்தில் இடப்படவேண்டும். இரண்டரை மடங்கு உள்ளே இருத்தல் நன்று என்பது தொழிலறிந்தோர் கொள்கை. மற்றொன்று, தண்டின் கீழ் நுனி, மேற்குழாய் வந்து பொருந்தும் மூட்டுக்கும் கீழே இறங்கியிருத்தல் வேண்டும். மூட்டுக்கு மேலேயே தண்டு முடியுமாயின், அதன் தாக்கு முழுவதும் குழாயின் பலவீனமான துண்டிலே விழும். இவ்விரு விதிகளில் எது மிகுந்த ஆழத்தைக் கேட்கின்றதோ அதனையே கொள்ளல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 31.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு வெளியே 220 மில்லிமீற்றர் தெரியவேண்டும் எனக் கொள்வாம். விட்டத்தின் இரண்டரை மடங்கு 79 மில்லிமீற்றர். சட்டகத்தின் வாயிலிருந்து மூட்டின் அடிவரை 110 மில்லிமீற்றர் இருப்பின், பெரிய எண்ணாகிய 110ஐயே கொள்க. இரண்டையும் கூட்ட 330 ஆகும். கடையிற் கிடைக்கும் 350 மில்லிமீற்றர்த் தண்டு இவருக்குப் போதும். ஆயின் இவர் வளரும் பிள்ளையாயின் 400 மில்லிமீற்றர்த் தண்டை வாங்குதல் அறிவுடைமை. விலை வேற்றுமை சிறிது. உழைக்கும் காலமோ நீளும். நீண்ட தண்டு குழாயினுள் எங்கேனும் தட்டுமோ என்பதை மாத்திரம் முன்னரே பார்த்துக்கொள்க. 400 மில்லிமீற்றர்த் தண்டும் போதவில்லையாயின், சட்டகமே அவருக்குச் சிறிது என்க. அவ்வண்டியைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் படி: தலை

ஆசனத்தின் கீழுள்ள இரு கம்பிகளையும் கவ்விப் பிடிக்கும் பகுதியைத் தண்டின் தலை என்பாம். இது மூவகைப்படும்.

முதலாவது, வெறுங் குழாயும் அதன் நுனியில் தனியே பூட்டும் இரும்புக் கவ்வியும் கொண்டது. பழைய வண்டிகளிலும் விலை குறைந்த வண்டிகளிலும் காணப்படுவது. மலிவானது, எங்கும் திருத்தத்தக்கது. ஆனாற் கவ்வியின் பற்கள் தேய்ந்ததும் ஆசனம் முன்னும் பின்னும் ஆடும்.

இரண்டாவது, தலை தண்டோடு இணைந்து, ஓர் ஆணியால் இறுக்கப்படுவது. பற்கள் ஒன்றையொன்று கவ்வுவதால் ஆசனத்தின் சாய்வு படிப்படியாகவே மாறும். ஆணி பருத்ததாயும் பற்கள் கூர்மையாயும் இருப்பின் நன்றாக உழைக்கும். இறுக்கம் தளர்ந்த நிலையில் ஓட்டினாற் பற்கள் அழிந்து தலை பயனற்றதாகும்.

மூன்றாவது, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ஆணிகள் கொண்டது. ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கினால் ஆசனத்தின் சாய்வை மயிரிழை அளவும் திருத்தலாம். பற்களை நம்பியிராமையால் தேய்வும் குறைவு. பாரமுடையோர்க்கும் கரடுமுரடான பாதையில் ஓட்டுவோர்க்கும் இதுவே ஏற்றது. விலையிற் பெருவேற்றுமை இல்லையாயின் இதனையே தெரிந்தெடுக்குமாறு கூறுவாம்.

தலை தண்டுக்கு நேரே மேலே இருத்தலும் உண்டு. 20 அல்லது 25 மில்லிமீற்றர் பின்னே தள்ளி இருத்தலும் உண்டு. பின் தள்ளிய தலை தண்டின் வளைவு விசையைக் கூட்டும். பழைய தண்டு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே வாங்கினால் உடலுக்குப் பழகிய இருப்பு மாறாது.

நான்காம் படி: உலோகம்

தண்டு செய்யும் பொருள்கள் நான்கு: உருக்கு, அலுமினியக் கலப்பு, டைட்டேனியம், காபன் நார். பின்னிரண்டும் பாரம் குறைந்தவை, விலை மிகுந்தவை. காபன் நார்த் தண்டு அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் உள்ளே நொறுங்கும், வெளியே தெரியாது. மாணவர்க்கு அது வேண்டாம். எஞ்சியவை இரண்டே.

உருக்கு அலுமினியத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியுடையது. ஆயினும் அதற்கு ஒரு சிறப்புண்டு. ஒரு குறித்த எல்லைக்கு உட்பட்ட விசை எத்தனை இலட்சம் முறை தாக்கினும் அது சோர்ந்து முறிவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு தாக்குகளும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் அதனை முறிக்கும். ஆகவேதான் அலுமினியத் தண்டைச் செய்வோர் சுவரைத் தடிப்பாக வைத்து, நிகழும் விசையை மிகத் தாழ்ந்த அளவில் நிறுத்துகின்றனர். நன்கு செய்யப்பட்ட அலுமினியத் தண்டு பல்லாண்டு உழைப்பது இதனாலேயே.

அலுமினியக் கலப்புகளில் 6061 என்னும் இலக்கமுடையது மலிவானதும் கறளுக்கு நன்கு ஈடுகொடுப்பதுமாகும். 7075 என்பது அதனிலும் ஏறக்குறைய இரு மடங்கு வலிமையுடையது, விலையும் கூடியது. 6061 கலப்பாற் செய்த, சுவர் தடித்த தண்டு நம் தேவைக்குப் போதும். கடையிலே இரண்டு தண்டுகளைக் கையில் ஏந்திப் பார்க்க. ஒரே அளவினவாய் இருந்தும் ஒன்று மிக இலேசாயின், அதன் சுவர் மெல்லியது என அறிக. மலிவும் இலேசும் ஒருங்கே அமைந்தவிடத்து வலிமை குறைந்திருத்தல் ஒருதலை. விலை, நிறை, வலிமை என்னும் மூன்றனுள் இரண்டையே பெறலாம் என்பது இத்தொழிலறிந்தோர் கூறும் உண்மை. நாம் விலையையும் வலிமையையும் கொண்டு, நிறையை விட்டுவிடுவாம்.

விட்டமும் வலிமைக்கு உதவும். சுவரின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றராக ஒத்திருப்பின், 31.6 தண்டு 27.2 தண்டைவிட வளைவைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வலியது. ஆதலாற் குறுகிய தண்டுடைய சட்டகத்தார் தடித்த சுவரை நாடுதல் நன்று.

பெயர் பெற்ற தண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிலுள்ள தொம்சன் நிறுவனத்தார் செய்யும் இரட்டை ஆணித் தண்டு உறுதிக்குப் பெயர் போனது. ஆயின் அதன் விலை மிகுந்தது. தாய்வானின் கலோய் நிறுவனத்தாரும் இரட்டை ஆணித் தண்டுகளைச் செய்கின்றனர். அவற்றின் விலை முன்னதனிலும் மிகக் குறைவு. பின்னது சற்றுப் பாரமானது. கல்லூரிக்கு வந்துபோகும் மாணவனுக்கு அப்பாரம் ஒரு புத்தகத்தின் பாரமும் அன்று. வில் பொருத்திய தண்டுகளும், கைவிசையால் ஏறி இறங்கும் தண்டுகளும் இக்காலத்தில் உள. முன்னதன் மலிவான வகைகள் விரைவில் ஆட்டங் காண்பன. பின்னது மலைப் பந்தயக்காரர்க்கு இன்றியமையாதது. நமக்கு வீண் செலவு.

பழைய தண்டை வாங்குவோர்க்கு

கையிற் பணம் குறைந்தோர் பழைய தண்டை வாங்குதல் குற்றமன்று. பார்த்து வாங்குதல் வேண்டும். தண்டைக் கண்ணாடி மேசைமேல் உருட்டுக. சீராக உருளாது தட்டினால் அது வளைந்தது. இறுக்கு வளையம் பிடித்த இடத்தில் விரல்நகத்தை ஓட்டுக. நகம் தடுக்கும் அளவு ஆழமான கீறல் வட்டமாக இருப்பின் அங்கேதான் முறிவு தொடங்கும். தலையும் குழாயும் சேருமிடத்திலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோ என வெளிச்சத்திற் பார்க்க. கீழ் நுனி வாளால் அறுக்கப்பட்டிருந்தால் எல்லைக் கோட்டை நம்பற்க; கோடு பழைய நீளத்துக்கு இடப்பட்டது. இவற்றுள் ஒன்று காணப்படினும் அத்தண்டு இலவசமாகக் கிடைப்பினும் வேண்டாம்.

பொருத்தும் முறையும் பேணும் முறையும்

புதுத் தண்டைச் செலுத்துமுன் குழாயின் உட்புறத்தைத் துணியாற் துடைத்து, உலோகத் தண்டாயின் மெல்லிய பூச்சாகக் கிறீஸ் பூசுதல் வேண்டும். கிறீஸ் பூசினால் தண்டு வழுக்கும் என அஞ்சுவர். அளவு சரியாயின் வழுக்காது. பூசாவிடின் விளைவதே பெருந்தொல்லை. உருக்குக் குழாயினுள் அலுமினியத் தண்டு ஈரம் பட்டு நெடுநாள் இருப்பின், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்னிரசாயன மாற்றம் நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். அப்பொடி இடைவெளியை அடைத்துத் தண்டைக் குழாயோடு ஒட்டிவிடும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இது விரைந்து நிகழும். ஒட்டிய தண்டை எடுக்க முயன்று சட்டகத்தையே கெடுத்தார் பலர். ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னொருகாலும் பின்னொருகாலும், தண்டை வெளியே எடுத்துத் துடைத்துக் கிறீஸ் பூசி மீண்டும் இட்டால் இத்தொல்லை அணுகாது. எடுக்குமுன் உயரத்தைக் குறித்துக்கொள்க.

இறுக்கு வளையத்தையும் உடன் நோக்குக. அதன் அளவு சட்டகக் குழாயின் வெளிவிட்டத்தைப் பொறுத்தது. தண்டின் விட்டத்தைப் பொறுத்ததன்று. பெரும்பாலான வளையங்களுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீற்றர் வரையான முறுக்கம் போதும். குறுகிய அல்லன் சாவியை விரல்களாற் பிடித்து இறுகத் திருப்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். நீண்ட குழாயைச் சாவியிற் கோத்து முறுக்குதல் தகாது. புதிதாய்ப் பூட்டிய தண்டின் தலையாணிகளைச் சில நாட்கள் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும்; பொருத்துகள் அமர்ந்து தளர்தல் இயல்பு.

ஓடும்போது ஆசனத்தின் கீழிருந்து கிறீச்சென்னும் ஒலி புதிதாய் எழுமாயின் அதனைப் பொருட்படுத்துக. பெரும்பாலும் அது அழுக்கினால் வருவதே. துடைத்துக் கிறீஸ் இட்டும் இறுக்கியும் ஒலி நில்லாதாயின் வெடிப்பைத் தேடுக. வெடித்த அலுமினியத்தை ஒட்டவைத்து ஓட்டுதல் உயிரோடு விளையாடுதல் ஆகும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துரைப்பாம். விட்டம் இம்மியும் பிசகாது பொருந்தவேண்டும். நீளம் வெளியே தெரிவதும் உள்ளே மறைவதும் கூட்டி வருவதாக இருக்கவேண்டும். தலை இரட்டை ஆணியதாயின் நன்று. உலோகம் சுவர் தடித்த அலுமினியமாயினும் உருக்காயினும் அமையும். ஆண்டுக்கு இருமுறை கிறீஸ் இடுதல் வேண்டும். இவ்வைந்தும் அமைந்த தண்டு விலை குறைந்ததாயினும் நெடுநாள் உழைக்கும். இவற்றுள் ஒன்று தவறினும், உலகிற் சிறந்த தண்டும் சட்டகத்தைக் கெடுக்கும். உறுதி என்பது பொருளில் மாத்திரம் உள்ளதன்று, பொருத்தத்தில் உள்ளது.

பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. விழா ஆண்டின் நினைவாகக் கல்லூரிக்குச் செய்யத்தக்க பெரும்பணிகள் பல. அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு நாள் சைக்கிள் கொட்டகையில் வண்டிச் சோதனை நடாத்தும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்வார்களாக. பௌதிகம் பயிலும் மாணவர் வேணியர் இடுக்குமானியோடு வருவர். தொழிலறிந்த பழைய மாணவர் இருவர் சாவிகளோடும் ஒரு பேணி கிறீஸோடும் வந்தாற் போதும். எல்லைக் கோடு வெளியே தெரியும் வண்டிகளைக் கண்டறிந்து, வாங்க வசதியற்ற பிள்ளைகளுக்கு ஏற்ற தண்டுகளை வாங்கிக் கொடுத்தலும் கூடும். கல்லூரி மண்டபத்துத் தூண்களுக்குக் கொடையளித்த கை, பிள்ளைகளைத் தாங்கும் இச்சிறு தூண்களுக்கும் சிறிது அளிக்குமாக.

கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க. அவள் மடி நாடி நாள்தோறும் வண்டியேறி வரும் மக்கள் நலமே வந்து நலமே மீள்க.